பிள்ளைகள் கையால் பஞ்சாமிர்தம்

(மலைவாழை உழவர்கள் குடும்பத்துடன் கலந்துகொண்ட செய்முறை விளக்கக் கூட்டத்தில் மனையியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இம்மாதிரிக் கூட்டங்களில் கன்று நேர்த்தி, உர அளவு, மருந்து தெளிப்பு ஆகியவை பற்றிப் பேசுவார்கள். பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்து கேட்பார்கள், பிள்ளைகள் வெளியே புளியமரத்தடியில் விளையாடுவார்கள். இன்றைக்கு நான் பேச வந்த பொருளுக்குப் பிள்ளைகள்தான் முதன்மையானவர்கள். ஆகவே அவர்களை முன்னால் உட்கார வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

முன்பு இப்பக்கம் வந்திருந்தபோது ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் வாழைத்தார் ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. வியாபாரி நல்ல தார்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, காய் சிறுத்துவிட்டது என்று ஒதுக்கிய தார் அது. இரண்டு நாளில் ஒரே சமயத்தில் பழுத்து, காம்பு விட்டு உதிர ஆரம்பித்திருந்தது. வீட்டு அம்மாள் உதிர்ந்ததைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய பையன் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடி, சாயம் பூசிய ஏதோ ஒரு பொட்டலத்தை வாங்கி வந்து தின்றான். "பழம் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "தினம் அதையே எப்படிம்மா திம்பான்? சலிச்சுப் போச்சு" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. பெரியவர்களுக்கே ஒரே பண்டம் சலித்துவிடுகிறது. ஆனால் ஒன்றை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். பிள்ளை தன் கையால் பிசைந்து, தானே அளந்து, தானே கிளறிய பண்டம் அதற்குச் சலிப்பதில்லை. அடுப்பு வேண்டாத பண்டமாக இருந்தால் தாய்க்கும் பயமில்லை. வாழை விளைகிற இந்த மண்ணில் அப்படிப்பட்ட பண்டம் ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. பழனிக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் வாங்கி வருகிற பஞ்சாமிர்தம்தான் அது.

வட இந்தியாவில் பஞ்சாமிர்தம் என்றால் பால், தயிர், நெய், தேன், சர்க்கரை ஐந்தும் கலந்தது. பழனியில் பாலும் தயிரும் இல்லை. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் என்ற ஐந்தும் அடிப்படை. பேரீச்சம்பழமும் கல்கண்டும் சுவைக்காகச் சேர்பவை. இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை, அடுப்பில் வைப்பதும் இல்லை. 2019-ம் ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலில் பெறுவது பிரசாதம். நாம் இன்று செய்யப்போவது வீட்டுத் தின்பண்டம். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, செய்முறையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம்.

முதலில் பழத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பஞ்சாமிர்தம் நன்றாக அமைவதும் கெடுவதும் பாதிக்குமேல் பழத்தில்தான் இருக்கிறது.

இதற்கு ஏற்றவை மலைப்பழங்கள். ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள விருப்பாச்சியின் பெயரால் வழங்கும் விருப்பாச்சிப் பழமும், திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலைப் பழமும் இவ்வகையில் சிறந்தவை. இரண்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்காகவும் வருமானத்துக்காகவும் நிற்கும் இந்த வாழைகளின் பழத்தில் நீர்ப்பசை குறைவு, மணம் அதிகம். பிசைந்தால் கெட்டியாக நிற்கும், கூழாக ஓடாது. நன்கு பழுத்துத் தோல் கறுத்த பிறகும் உள்ளே சதை அழுகாமல் இருப்பது இதன் தனிச் சிறப்பு. தோலைப் பார்த்துவிட்டு மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், உரித்துப் பாருங்கள்.

சமவெளியிலிருந்து வந்திருப்பவர்கள், "எங்களிடம் மலைப்பழம் இல்லையே, என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். கற்பூரவள்ளி நல்ல இனிப்பு, சதையும் கெட்டி. அடுத்த தேர்வு அதுதான். எப்போதாவது அதில் விதை அகப்படும், பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லலாம். பூவன் பழத்தில் சிறிது புளிப்பு உண்டு. செய்யலாம், ஆனால் சற்று இளகலாக வரும். ரஸ்தாளி மணத்துக்கு நிகரில்லை என்றாலும், சில பழங்களில் நடுவில் கல்போன்ற கட்டி இருக்கும். எத்தனை பிசைந்தாலும் அது கரையாது, அதை எடுத்துப் போட்டுவிட வேண்டும். பச்சை வாழைப்பழம் இதற்கு உதவாது என்பது என் கருத்து. நீர்த்துப் போகிறது.

இந்த மலைப்பழமே நமக்கு இல்லாமல் போயிருக்கும் என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். 1970-களில் முடிக்கொத்து நோய் கீழ்ப் பழனி மலையின் வாழைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. இலைகள் குட்டையாகி, ஒடுங்கி, நிமிர்ந்து, நுனியில் கொத்தாகச் சேர்ந்து நிற்கும். இலைக் காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். அந்த மரம் தார் போடாது, போட்டாலும் தேறாது. இது நச்சுயிரியால் வருவது. வாழை அசுவினி பரப்புகிறது. அதைவிட அதிகமாக நாமே நோயுற்ற மரத்தடியிலிருந்து கன்று எடுத்து நட்டுப் பரப்புகிறோம். பக்கத்துத் தோட்டத்தில் இனாமாகக் கிடைக்கிறது என்று கன்று வாங்காதீர்கள். நச்சுயிரி இல்லை என்று சோதித்து வளர்த்த திசு வளர்ப்புக் கன்றுகளை வாங்கி நடுங்கள். நோய் கண்ட மரத்தில் முதலில் அசுவினியை ஒழித்துவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். அசுவினி இருக்கும்போதே வெட்டினால் அது அடுத்த மரத்துக்குப் போய்விடும். தின்பண்டம் பற்றிப் பேச வந்தவள் நோய் பற்றிப் பேசுகிறேனே என்று எண்ணவேண்டாம். மரம் இருந்தால்தானே பழம்?

பழுக்க வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்கு முற்றிய காயில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு மாவுச்சத்து இருக்கும். பழுக்கப் பழுக்க அதில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறுகிறது. பஞ்சாமிர்தத்துக்கு அரைப்பழம் ஆகாது என்பதற்கு இதுவே காரணம். மாவுச்சத்து மாறாத பழம் துவர்க்கும், மசியாது. சீப்பிலிருந்து இலேசாக இழுத்தாலே கழன்று வருகிற பழமாக இருக்கவேண்டும். தோலில் கரும்புள்ளி விழுந்திருக்கலாம், புளித்த வாடை மட்டும் இருக்கக்கூடாது.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்ற நஞ்சுகள் கலந்திருக்கும். அதனால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. மேல்தோல் மஞ்சளாகி, உள்ளே சதை காயாகவே இருப்பது அதன் இலட்சணம். வீட்டுத் தேவைக்கு ஒரு மண்பானையில் காய்ச்சீப்பை வைத்து, நடுவில் பழுத்த பழம் இரண்டைப் போட்டு, வாயை மூடி வைத்தாலே போதும். பழுத்த பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் என்னும் வாயு மற்றவற்றையும் பழுக்க வைக்கும். இதைப் பிள்ளைகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சீப்பைப் பானையிலும் ஒரு சீப்பை வெளியிலும் வைத்து, எது முந்துகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இனி நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

அடுப்பு இல்லை என்பது எளிமை மட்டும் அன்று. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பொங்கலுக்கு வெல்லம் போடும்போது என்ன செய்கிறோம்? தண்ணீரில் கரைத்து, கொதிக்க வைத்து, மண்ணை வடிகட்டிவிட்டுச் சேர்க்கிறோம். வெல்லத்தில் இருந்த தூசி துணியில் நின்றுவிடுகிறது, கிருமி கொதியில் செத்துவிடுகிறது. பஞ்சாமிர்தத்தில் வடிகட்டுவதும் இல்லை, கொதிப்பதும் இல்லை. பிள்ளையின் விரலில் எது ஒட்டியிருக்கிறதோ, சர்க்கரையில் எது கலந்திருக்கிறதோ, அது அப்படியே வயிற்றுக்குப் போகிறது. எனவே மற்ற சமையலில் பின்னால் நெருப்பு செய்கிற வேலையை இதில் முன்னாலேயே நாம் செய்து முடிக்கவேண்டும்.

அதற்காக நாட்டுச் சர்க்கரையை முதலில் மெல்லிய சல்லடையில் சலியுங்கள். கல், சணல் நார், எறும்பு எல்லாம் மேலே நின்றுவிடும். பளபளவென்று வெளுத்த மஞ்சள் நிறத்தில் இருப்பதை நல்ல சர்க்கரை என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் ஹைட்ராஸ் போட்டு வெளுத்ததாக இருக்கும். பழுப்பு நிறமே நல்லது. பேரீச்சம்பழத்தை முந்தின நாளே கழுவி, சுத்தமான துணியில் பரப்பி, மேலே வலைத்துணி போட்டு நன்றாக உலர்த்துங்கள். மறுநாள் ஒவ்வொன்றையும் பிளந்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கொட்டையை எடுக்கவேண்டும். வாழைப்பழத்தை உரிப்பதற்கு முன் தோலோடு கழுவித் துடையுங்கள். தோலைத்தானே எறியப் போகிறோம் என்பீர்கள். தாரின்மேல் தெளித்த மருந்தும், லாரியின் தூசியும் உரிக்கிற கைவழியாகச் சதைக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு நகம் வெட்டி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொல்லுங்கள். கழுவிய கையை ஈரம் போகத் துடைப்பதும் கழுவுவதைப் போலவே முக்கியம். கையில் புண் இருக்கிற பிள்ளை, சளி இருமல் உள்ள பிள்ளை, அன்றைக்கு எடை பார்க்கிற வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

அளவைப் பழத்தின் எண்ணிக்கையில் சொல்லாமல் எடையில் சொல்கிறேன், ஏனென்றால் பழத்துக்குப் பழம் பருமன் மாறும். உரித்த பழம் அரை கிலோ, நாட்டுச் சர்க்கரை 200 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 50 கிராம், டைமண்ட் கல்கண்டு 25 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, நெய் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் நான்கு. இது எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சிறு கிண்ணம் ஒன்று வீதம் வரும்.

நெய் உறைந்திருந்தால் கிண்ணத்தோடு சிறிது நேரம் வெயிலில் வையுங்கள், அடுப்பு தேவைப்படாது. ஏலக்காயைத் தனியாக இடித்தால் உரலில் நழுவி ஓடும். ஒரு கரண்டி சர்க்கரையைச் சேர்த்து இடித்தால் நைசாகப் பொடியாகும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாம். நான்கைந்து வயதுக் குழந்தை பழம் உரிக்கும். அதற்கு அதுவே பெரிய வேலை, அவசரப்படுத்தாதீர்கள்.

அகன்ற எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு, பழத்தைக் கையாலோ மத்தாலோ மசியுங்கள். முழுவதும் கூழாக வேண்டியதில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டு இருந்தால் வாய்க்கு நன்றாக இருக்கும். உரித்த பழத்தைக் காற்றில் போட்டு வைக்காமல் உடனே மசிக்கவேண்டும். இல்லையேல் நிறம் கறுக்கும். பிறகு சர்க்கரையை மூன்று தடவையாகப் போட்டுக் கிளறுங்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒன்றைக் கவனிப்பார்கள். கெட்டியாக இருந்த பழம், சர்க்கரை சேர்ந்த சில நிமிடங்களில் இளகிப் பளபளக்கும். "தண்ணீரே விடவில்லையே, எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் நீர் விடுகிறதல்லவா, அதே கதைதான். பழத்துக்குள் இருக்கும் நீரைச் சர்க்கரை வெளியே இழுத்துத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்து வைத்த நீர் கிருமிகளுக்கு எளிதில் கிடைக்காது. சர்க்கரை அதிகமாக அதிகமாகப் பண்டம் அதிக நாள் தாங்குவது இதனால்தான். தண்ணீர் விட்டால் இந்தக் கட்டு தளர்ந்துவிடும்.

பிறகு பொடியாக நறுக்கிய பேரீச்சை, ஏலப்பொடி, தேன் ஆகியவற்றைச் சேருங்கள். கடைசியில் நெய், அதன்மேல் கல்கண்டு. கல்கண்டை முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். வாயில் நறுக்கென்று கடிபடவேண்டும் என்பதற்காகத்தானே அதைப் போடுகிறோம்!

இனி, எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்பீர்கள். நான் சொன்ன அளவில் செய்ததை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி இருந்தால் இரண்டு நாள் வைக்கலாம். பழனியில் விற்பது பல நாள் இருக்கிறதே என்று ஒப்பிடாதீர்கள். நம்முடைய அளவில் சர்க்கரை குறைவு, பழமும் வேறாக இருக்கலாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் சித்திரை மாதத்தில் ஒரு பெரிய பாட்டில் நிறையப் பஞ்சாமிர்தம் செய்து, அக்காள் வீட்டுக்குப் பேருந்தில் எடுத்துப் போனேன். புறப்படும்முன் ருசி பார்க்கிறேன் என்று, கழுவிய கரண்டியைத் துடைக்காமல் உள்ளே விட்டேன். மூடியையும் இறுக்கித் திருகினேன். இரண்டாம் நாள் காலையில் அக்காள் மூடியைத் திறந்தபோது, சோடா பாட்டில்போல ஓசையோடு பொங்கிப் புடவை முழுவதும் தெறித்தது. கள்வாடை! ஈரத்தோடு போன நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்கியிருந்தது. கண்ணாடி வெடிக்காதது எங்கள் நல்ல காலம். நுரை கண்டாலோ, புளிப்பு வாடை அடித்தாலோ, மூடி உப்பியிருந்தாலோ, "போனால் போகிறது, கொஞ்சம்தானே" என்று பிள்ளைக்குக் கொடுக்காமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை. பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சேனைத் தண்ணீர் என்று தேன் வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் பாட்டிமார்களுக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கல்கண்டு போடாமல், பேரீச்சையையும் மசித்துக் கொடுங்கள். தொண்டையில் சிக்கும்.

மற்றொன்று, இது இனிப்புப் பண்டம் என்பதை மறக்கக்கூடாது. வீட்டில் செய்தது என்பதால் சர்க்கரை சர்க்கரை இல்லாமல் போய்விடாது. வாரத்தில் ஒரு நாள், சிறு கிண்ணம், சாப்பிட்டபின் வாய் கொப்பளித்தல், இவ்வளவே போதும். மற்ற நாளில் சர்க்கரையும் தேனும் இல்லாமல், அரை கிலோ பழத்துக்கு 100 கிராம் பேரீச்சை, ஏலக்காய், சிறிது நெய் மட்டும் சேர்த்துப் பிசைந்து பாருங்கள். அதைச் செய்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். என் பேரப்பிள்ளைகள் இதையும் பஞ்சாமிர்தம் என்றே சொல்கிறார்கள். ஐந்து பொருள் இல்லையே என்று நான் சொன்னால், "நாங்கள் ஐந்து பேர் செய்தோமே" என்கிறார்கள்!

மகளிர் குழுவினர் சிலர் இதை விற்கலாமா என்று காலையில் கேட்டார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, செய்த நாளை எழுதி ஒட்டி விற்கலாம். ஆனால் பழனிப் பஞ்சாமிர்தம் என்ற பெயரைப் போடக்கூடாது. அந்தப் பெயர் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. நம் விருப்பாச்சி, சிறுமலைப் பெயர்களை வேறு ஊர்ப் பழத்துக்கு யாராவது போட்டு விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதுபோலத்தான். பெரிய அளவில் இறங்குவதற்கு முன் முறையான பயிற்சி பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் கிண்ணத்துக்குப் போதுமான கவனம் நூறு பாட்டிலுக்குப் போதாது.

பேச்சு நீண்டுவிட்டது. பழம் உரிக்க ஆறு பேர், எடை பார்க்க இரண்டு பேர், ஏலக்காய் இடிக்க ஒருவர் வேண்டும். சோப்பும் வாளியும் வாசல் திண்ணையில் இருக்கின்றன. துடைக்கத் துவைத்த துணி என் கையில் இருக்கிறது. கை கழுவியவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து நகத்தைக் காட்டிவிட்டு உட்காருங்கள்.